நான்கில் ஒன்று: மும்பைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு கணிதச் சொல் செயலி

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றோடு தமிழும் அவற்றுள் ஒன்று. தாராவி முதலிய பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இத்தமிழ்வழிப் பள்ளிகளில் பயில்கின்றனர். அத்தகைய பள்ளி ஒன்றின் மூன்றாம் வகுப்பில், கணிதச் சொற்களைக் கற்பிப்பதற்கென்று உருவாக்கப்பட்ட செயலி ஒன்று சில வாரங்கள் சோதித்துப் பார்க்கப்பட்டது. குழந்தைகளுக்குத் தெரியாதவை என்று செயலி கருதிய சொற்கள் வேறு, குழந்தைகள் உண்மையில் தடுமாறிய இடங்கள் வேறு என்பது அச்சோதனையில் வெளிப்பட்டது. அந்த வேறுபாட்டைப் பற்றியது இப்பதிவு. பள்ளி, செயலி, மனிதர் எவருடைய பெயரும் இங்குத் தேவையில்லை.

செயலியின் அமைப்பு எளியது. ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மேலே சொல், அதன் கீழே படம், தொட்டால் ஒலிக்கும் குரல், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம், இறுதியில் மூன்று வினாக்கள். கூட்டல், கழித்தல், முக்கோணம், இடமதிப்பு, பின்னம், ஈவு, மீதி என்று தொடக்கப் பள்ளிப் பாடநூலில் வரும் கலைச்சொற்கள் அதில் இடம்பெற்றிருந்தன. குழந்தை விடையளித்ததும் அச்சொல்லுக்கு எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகியவற்றுள் ஒரு நிறம் தோன்றும். வார இறுதியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அறிக்கை வரும். சிவப்பு மிகுந்த குழந்தைகளைத் தனிக் குழுவாக்கி, விளையாட்டு வேளையில் அவர்களுக்குக் கூடுதல் பயிற்சி அளிக்கலாம் என்பது திட்டம்.

இத்தகைய அறிக்கைகளுக்கு இப்போது பள்ளிகளில் மதிப்பு மிகுதி. 2021 ஜூலையில் நடுவண் அரசு தொடங்கிய நிபுண் பாரத் இயக்கம், 2026-27ஆம் ஆண்டுக்குள் மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற்றிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இலக்கு இருக்கும் இடத்தில் அளவீடு வரும். அளவீடு வந்தபின் குழந்தையின் பெயருக்கு அருகே ஒரு நிறமும் வந்துவிடுகிறது. அந்த நிறத்தைப் பார்ப்பவர்கள் அது எவ்வாறு பிறந்தது என்று கேட்பது அரிது.

செயலிக்குப் பின்னிருந்த கருத்து தவறானதன்று. கணிதத்துக்கு மொழி தேவையில்லை, எண்களே போதும் என்னும் பழைய நம்பிக்கை எப்போதோ தகர்ந்துவிட்டது. 1974இல் நைரோபியில் யுனெஸ்கோ ஆதரவில் நடந்த கருத்தரங்கில், மொழியியலாளர் எம்.ஏ.கே. ஹாலிடே கணிதத்துக்குரிய மொழிநடை என்னும் கருத்தை முன்வைத்தார். ஒரு மொழியில் கணிதம் பேசுவதற்குக் கலைச்சொற்கள் மட்டும் போதா, பொருளை உருவாக்கும் முறைகளும் தொடரமைப்புகளும் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். பின்வந்த கல்வித் திட்டங்கள் பல, இவ்வாதத்தின் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. கலைச்சொற் பட்டியல் தயாரிப்பது எளிது. தொடரமைப்பைக் கற்பிப்பது எளிதன்று.

முதல் வாரம் நன்றாகவே சென்றது. வகுப்பாசிரியை மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். குழந்தைகளின் வீட்டுத் தமிழும், தெருவில் பேசும் இந்தியும், கடைப்பலகைகளின் மராத்தியும் அவருக்கு ஒருங்கே தெரியும். செயலி சொல்லைக் காட்டியதும் அவர் அச்சொல்லுக்கு உறவுக்காரச் சொல் ஒன்றைக் குழந்தைகளின் வீட்டிலிருந்து அழைத்துவருவார். 'வகுத்தல்' வந்தபோது, "அம்மா தலைவாரி விடும்போது என்ன எடுப்பாங்க?" என்றார். "வகிடு" என்று பெண்பிள்ளைகள் கத்தினார்கள். ஒன்றாயிருக்கும் கூந்தலைப் பிரிப்பது வகிடு, ஒன்றாயிருக்கும் பள்ளியைப் பிரித்தால் வகுப்பு, ஒன்றாயிருக்கும் எண்ணைப் பிரிப்பது வகுத்தல். மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை. 'ஈவு' வந்தபோது, கொடுப்பதற்கு ஈதல் என்றொரு பழைய சொல் உண்டு, பிரித்துக் கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஈவு என்றார். இவற்றுள் எதுவும் செயலியில் இல்லை. எனினும் அவ்வாரத்து அறிக்கையில் பச்சை மிகுந்திருந்தது.

எண்ணுப்பெயர்களிலும் குழந்தைகள் தடுமாறவில்லை. இதற்குத் தமிழின் அமைப்பு உதவியது. ஐம்பத்திரண்டு என்ற சொல்லில் ஐம்பதும் இரண்டும் வெளிப்படையாகத் தெரிகின்றன. எழுதும்போதும் 5 முதலில், 2 அடுத்து. தொண்ணூறு, தொள்ளாயிரம் போன்ற சில விலக்குகளைத் தவிர, பத்துவரை எண்ணவும் பத்துகளின் பெயரைச் சொல்லவும் அறிந்த குழந்தை தொண்ணூற்றொன்பதுவரை தானே கட்டிக்கொண்டு போய்விடும். இந்தியில் 52 பாவன், மராத்தியில் பாவன்ன. அவற்றில் இரண்டின் அடையாளம் முன்னே வருகிறது, ஐம்பதின் வடிவம் உருமாறிவிடுகிறது. ஏறத்தாழ நூறு பெயர்களையும் தனித்தனியே மனனம் செய்யவேண்டிய நிலை. மராட்டியத்தில் 2019ஆம் ஆண்டு, இரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் 'பன்னாஸ் தோன்', அதாவது ஐம்பது இரண்டு, என்பதுபோல் எண்களைச் சொல்லும் முறையும் சேர்க்கப்பட்டபோது மாநிலம் முழுவதும் பெரும் விவாதம் எழுந்தது. பாடநூல் நிறுவனத்தின் கணிதக் குழுவுக்குத் தலைமை வகித்த கணிதவியலாளர் மங்களா நார்ளிகர், குழந்தைகளின் சுமையைக் குறைக்கவே இம்மாற்றம் என்று விளக்கினார். மொழியின் அழகு கெடுகிறது என்றனர் எதிர்ப்பாளர்கள். அவ்விவாதம் நாளிதழ்கள், தொலைக்காட்சி, சட்டமன்றம் வரை சென்றது. குழந்தையின் கணக்கை மொழி தீர்மானிக்கிறது என்பதைப் பொதுமக்கள் உணர்ந்து பேசிய அரிய தருணங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் அங்கும் பேச்சு பெயர்களைச் சுற்றியே நின்றது.

தாராவிக் குழந்தைக்கு மூன்று மொழிகளின் எண்ணுப்பெயர்களும் தெரியும். வீட்டில் ஐம்பத்திரண்டு, கடையில் பாவன், பேருந்தில் பாவன்ன. பெயர்களைப் பொறுத்தவரை இக்குழந்தைகள் ஏழைகள் அல்லர்.

இரண்டாம் வாரத்தில் செயலி வாக்கியக் கணக்குகளுக்குச் சென்றது. அப்போதுதான் சிவப்பு தோன்றத் தொடங்கியது. '8-இலிருந்து 5-ஐக் கழி' என்ற வினாவுக்குப் பலர் சரியான விடை தந்தனர். '5-ஐ 8-இலிருந்து கழி' என்றபோது வகுப்பு பிளந்தது. சிலர் மூன்று என்றனர். சிலர் ஐந்திலிருந்து எட்டு போகாதே என்று விழித்தனர். சிலர் கூட்டிப் பதின்மூன்று என்றனர். செயலி அவர்கள் அனைவருக்கும் 'கழித்தல்' என்னும் சொல்லின் எதிரே சிவப்பிட்டது. முதல் வாரத்தில் அதே சொல்லுக்குப் பச்சை வாங்கியிருந்தவர்கள் அவர்கள்.

கழித்தல் என்னும் சொல் அவர்களுக்கு ஒரே வாரத்தில் மறந்துபோகவில்லை. இரு வாக்கியங்களிலும் உள்ள சொற்கள் ஒன்றே, எண்களும் அவையே. மாறியது வரிசை மட்டும். தமிழில் எதிலிருந்து எதை எடுப்பது என்பதைச் சொல்வரிசை சொல்வதில்லை. அதைச் சொல்வது உருபு. '-ஐ' எடுக்கப்படுவதைக் காட்டுகிறது, '-இலிருந்து' எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைக் காட்டுகிறது. கணக்கின் திசை முழுவதும் அவ்விரு உருபுகளில் இருக்கிறது. ஆனால் அச்சிலும் திரையிலும் எண் பெரிதாக நிற்கிறது. உருபு ஒரு சிறு கோட்டுக்குப் பின்னே வால்போலத் தொங்குகிறது. குழந்தையின் கண் 5, 8, கழி என்று தாவிப் படிக்கிறது. தாவியபோது தவறியது கணக்கின் திசை.

குரலும் இதற்குத் துணைபோனது. செயலியின் இயந்திரக் குரல் '5-ஐ' என்பதை 'ஐந்தை' என்று படிக்கவில்லை. 'ஐந்து' என்று சொல்லி, மூச்சு விட்டு, 'ஐ' என்றது. '8-இலிருந்து' என்பதை 'எட்டு, இலிருந்து' என்றது. எண்ணோடு ஒட்டினால் மட்டுமே பொருள் தரும் உருபு தனியே விழுந்து ஓர் ஒலியாகிவிட்டது. பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன், "ஐ!" என்று வியந்து கூவினான். அதன்பின் ஒவ்வொரு வினாவிலும் அந்த இடம் வந்ததும் வகுப்பே சேர்ந்து "ஐ!" என்றது. ஆசிரியையும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் தாமே வினாவை உரக்கப் படித்தார்: "அஞ்ச, எட்டுலேருந்து கழிக்கணும்." அவர் படித்தபின் விழித்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது.

வகுத்தலிலும் இதுவே நிகழ்ந்தது. '12-ஐ 3-ஆல் வகு' என்கிறது செயலி. குழந்தைகளின் பேச்சில் '-ஆல்' அரிது. பேச்சில் அது பெரும்பாலும் காரணத்தைச் சுட்டும்: 'மழையால வரல.' பன்னிரண்டு மிட்டாயை மூன்றால் வகுப்பதை அவர்கள் 'மூணு பேருக்குப் பிரி' என்பார்கள். மூன்றாம் வேற்றுமையில் பாடநூல் சொல்வதை, நான்காம் வேற்றுமையில் அவர்கள் சொல்கிறார்கள். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இரு வேறு வழக்குகளாக நிற்பதை, ஃபெர்குசன் 1959இல் எழுதிய இரட்டை வழக்குக் கட்டுரை முதல், மொழியியல் மாணவர்கள் படித்துவருகின்றனர். கணித வகுப்பில் அந்த இடைவெளி, விடை சரியா தவறா என்பதைத் தீர்மானிக்கும் இடைவெளியாக ஆகிவிடுகிறது.

இச்சோதனையின் மிக முக்கியமான தருணம் மூன்றாம் வாரத்தில் வந்தது. அன்றைய சொல் 'பின்னம்'. திரையில் ஒரு சப்பாத்தி நான்கு சம துண்டுகளாக வெட்டப்பட்டிருந்தது. குரல் 'நான்கில் ஒன்று' என்றது. பின்னர்ப் படம் மறைந்து வினா வந்தது: 'நான்கில் ஒன்று. சரியான விடையைத் தொடுக.' கீழே நான்கு கட்டங்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி தயக்கமின்றி 3 என்னும் கட்டத்தைத் தொட்டாள். திரை சிவந்தது. மறுபடியும் வினா வந்தது. மறுபடியும் அவள் 3-ஐத் தொட்டாள். மூன்றாம் முறை திரை சிவந்தபோது அவள் கருவியை ஆசிரியையின் மேசையில் வைத்துவிட்டாள்.

"இது கெட்டுப்போச்சு டீச்சர்."

"ஏன் கண்ணு?"

"சரியாச் சொன்னாலும் தப்புங்குது. நாலுல ஒண்ணு போனா மூணுதானே?"

ஆசிரியை உடனே விடை சொல்லவில்லை. பின்னர்ச் செயலிக் குழுவினரிடம் அவர் விவரித்தபோது, அந்தக் கேள்விக்குத் தம்மிடம் அப்போது விடை இல்லை என்றார். சிறுமி சொன்னது தமிழில் நூற்றுக்கு நூறு சரி. எட்டுல அஞ்சு போனா மூணு, பத்துல ரெண்டு போனா எட்டு என்றுதான் எல்லாத் தமிழ் வீடுகளிலும் கழித்தலைச் சொல்கிறார்கள். 'போனா' என்பதைச் சொல்லாமல் விட்டாலும் பொருள் விளங்கும். பத்தில் இரண்டு, எட்டு. அப்படியிருக்க, நான்கில் ஒன்று மூன்றாக இல்லாமல் எப்படி இருக்கும்?

மரபிலக்கணம் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. நன்னூல் '-இல்' என்னும் உருபை ஐந்தாம் வேற்றுமைக்கும் தருகிறது, ஏழாம் வேற்றுமைக்கும் தருகிறது. ஐந்தாம் வேற்றுமையில் அதன் பொருள் நீங்கல். ஏழாம் வேற்றுமையில் அதன் பொருள் இடம். நான்கிலிருந்து ஒன்று நீங்குகிறது என்று கொண்டால் விடை மூன்று. நான்கு துண்டுகளுக்குள்ளே ஒரு துண்டு இருக்கிறது என்று கொண்டால் விடை கால். செயலி ஏழாம் வேற்றுமையை எதிர்பார்த்தது. சிறுமி ஐந்தாம் வேற்றுமையில் விடை சொன்னாள். உருபு ஒன்றாயிருக்கும்போது பொருளைப் பிரித்துக் காட்டவேண்டியது அதைச் சுற்றியிருக்கும் வாக்கியம். செயலியோ வாக்கியத்தை நீக்கிவிட்டுத் துண்டை மட்டும் கொடுத்திருந்தது.

அவளுடைய தெரு இந்தியும் அதே பொருளைத்தான் வலுப்படுத்தியிருக்கும். 'சார் மே ஸே ஏக் கயா' என்றால் மிஞ்சுவது தீன். கழித்தலைச் சொல்லும் 'மே ஸே' இந்தியில் தொகுதிக்குள் ஒன்றைச் சுட்டவும் வரும். ஆயினும் பின்னத்தை எழுத்தில் சொல்ல இந்தி 'ஏக் சௌதாயி' என்று வேறொரு சொல்லை வைத்திருக்கிறது. தமிழிலும் அப்படி ஒரு சொல் உண்டு. அது 'கால்'. அரை, முக்கால், அரைக்கால், வீசம், முந்திரி என்று 320-இல் ஒரு பங்கு வரைக்கும் தனிப்பெயர் வைத்திருந்த மொழி தமிழ். பாடநூல் நடை அவற்றுட் பலவற்றைக் கைவிட்டு, எண்ணையும் உருபையும் சேர்த்து 'நான்கில் ஒன்று' என்னும் பொதுச் சூத்திரத்துக்கு மாறியது. ஏழில் இரண்டு, பதினொன்றில் ஐந்து என்று எந்தப் பின்னத்தையும் சொல்ல அச்சூத்திரம் தேவைதான். ஆனால் அச்சூத்திரத்தின் முழுப் பாரத்தையும் '-இல்' என்னும் ஓருருபு சுமக்கிறது என்பதை எவரும் குழந்தையிடம் சொல்வதில்லை.

அன்று மாலை ஆசிரியை அச்சிறுமியிடம் வேறொரு கேள்வி கேட்டார். அவளுடைய வீட்டில் விடியற்காலையில் இட்லி அவித்து, தந்தை அதை மிதிவண்டியில் கொண்டுசென்று விற்கிறார். சட்னிக்கான பொருள்களைக் கடையிலிருந்து வாங்கிவருவது அவள் வேலை. "பொட்டுக்கடலை கிலோ நூத்தியிருவது. பாவ் கிலோ வாங்குனா எவ்வளவு குடுப்ப?" என்றார். "முப்பது." "பாவ்னா என்ன?" "கால் கிலோ." "ஒரு கிலோவுல எத்தன பாவ் இருக்கு?" "நாலு." அந்த நாலில் ஒன்று எவ்வளவு என்று கேட்டபோது அவள் சற்று நின்றாள். பிறகு, "ஒண்ணு எடுத்தாச்சா, இல்ல அதுக்குள்ளயே இருக்கா?" என்று திருப்பிக் கேட்டாள்.

ஐந்தாம் வேற்றுமையா ஏழாம் வேற்றுமையா என்று எட்டு வயதில் கேட்டுவிட்டாள். செயலியின் அறிக்கையில் அவள் பெயருக்கு நேராக, பின்னம் என்னும் சொல்லுக்குச் சிவப்பு இருந்தது.

இதிலிருந்து, சந்தைக்குப் போகும் குழந்தைக்குக் கணிதம் தானே வந்துவிடும் என்ற முடிவுக்கு விரைவது தவறு. 1985இல் பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் பொருள் விற்ற ஐந்து சிறுவர் சிறுமியரைக் கரேயரும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்தனர். விற்பனையின்போது 98.2 விழுக்காடு சரியாகக் கணக்கிட்ட அவர்கள், அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 36.8 விழுக்காடு மட்டுமே சரியாகச் செய்தனர். வாக்கியக் கணக்காகக் கொடுத்தபோது இடைப்பட்ட நிலை. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் வேலைசெய்யும் 1000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் நடத்திய ஆய்வு 2025இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. சந்தையில் சிக்கலான கணக்குகளை மனத்திலேயே போடும் குழந்தைகள் பாடநூற் கணக்குகளில் தடுமாறினர், பள்ளிக் கணக்கில் தேர்ந்த குழந்தைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினர் என்பது அதன் முடிவு. ஓரிடத்து அறிவு மற்றோர் இடத்துக்குத் தானாகப் பாய்வதில்லை. இரண்டுக்கும் இடையே யாரேனும் பாலம் கட்டவேண்டும். அந்தச் சிறுமியின் கேள்வி, பாலம் எந்த இடத்தில் தேவை என்பதைத் துல்லியமாகச் சுட்டிக்காட்டியது.

ஒப்பீட்டுக் கணக்குகளிலும் இத்தகைய இடங்கள் உண்டு. 'ராணியிடம் 7 மணிகள் உள்ளன. இது மாலாவிடம் இருப்பதைவிட 3 அதிகம். மாலாவிடம் எத்தனை?' என்ற கணக்கில் 'அதிகம்' என்பதைக் கண்டதும் பாதி வகுப்பு கூட்டிப் பத்து என்றது. இது தமிழ்க் குழந்தைகளுக்கு மட்டும் உரிய தடுமாற்றம் அன்று. 1987இல் லூயிஸ், மேயர் ஆகியோர் கல்லூரி மாணவர்களிடமே இதனைக் கண்டு விளக்கினர். கேட்கப்படும் அளவு வாக்கியத்தின் எழுவாயாக இல்லாதபோது, படிப்பவர் மனத்தில் உறவைத் தலைகீழாக்கிக் கொள்ளவேண்டியிருக்கிறது. தமிழில் அந்த உறவைத் தாங்கி நிற்பது 'விட' என்னும் சிறு சொல். செயலியில் 'அதிகம்' இருந்தது, 'குறைவு' இருந்தது. 'விட' இல்லை. அதற்குப் படம் வரைய முடியாது என்பதால் அது சொல்லாகவே கருதப்படவில்லை.

வாக்கியத்தின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதை ஹட்சன் 1983இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. பறவைகளும் புழுக்களும் உள்ள படத்தைக் காட்டி, புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று முதல் வகுப்புக் குழந்தைகளிடம் கேட்டபோது 64 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவைப் பிடிக்கப் பறந்தால் எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது என்று கேட்டபோது 100 விழுக்காட்டினரும் சரியாகச் சொன்னார்கள். படம் மாறவில்லை, எண்கள் மாறவில்லை, குழந்தைகளும் மாறவில்லை.

நான்காம் வாரத்தில் ஆசிரியை செயலிக் குழுவினரோடு அமர்ந்தார். குழுவில் நிரலாளர்களும் கல்வியாளர்களும் இருந்தனர். '-இல்', '-இலிருந்து', '-ஆல்', 'விட', 'ஆளுக்கு', 'தலா' ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும் என்று அவர் கேட்டார். தரவுத்தளத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு படம் என்ற அமைப்பே இருக்கிறது, இவற்றுக்கு என்ன படம் போடுவது என்று நிரலாளர் ஒருவர் வினவினார். நியாயமான கேள்விதான். ஆசிரியை கரும்பலகையில் இரண்டு கூடைகளை வரைந்தார். ஒரு கூடையிலிருந்து ஒரு மாம்பழம் வெளியே போகிறது. மற்றொரு கூடையில் ஒரு மாம்பழம் வண்ணம் பூசப்பட்டு உள்ளேயே இருக்கிறது. இரண்டுக்கும் கீழே 'நான்கில் ஒன்று' என்றே எழுதினார். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டுங்க. எது எதுன்னு பிள்ளைங்க சொல்லட்டும்" என்றார்.

சில மாற்றங்கள் ஏற்கப்பட்டன. எண்ணும் உருபும் ஒரே நிறத்தில், ஒட்டி எழுதப்பட்டன. இயந்திரக் குரலுக்குப் பதிலாக ஆசிரியையின் குரலே பதிவுசெய்யப்பட்டது. ஒவ்வொரு வினாவும் முதலில் பேச்சு வழக்கிலும் பின்னர்ப் பாடநூல் வழக்கிலும் ஒலிக்கும்படி செய்யப்பட்டது. 'ஜாஸ்தி', 'கம்மி' என்று குழந்தை விடை சொன்னாலும் ஏற்கப்பட்டு, அதன்பின் 'அதிகம்', 'குறைவு' என்பவை காட்டப்பட்டன. கூடைகள் இரண்டும் அசையும் படமாக வந்தன. 'விட' இன்னும் காத்திருக்கிறது.

நிறத்தைப் பற்றிய விவாதம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. நிறம் இல்லாவிடில் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப முடியாது என்றது குழு. அப்படியானால் சிவப்புக்கு அருகே குழந்தை என்ன சொன்னாள் என்பதையும் எழுதவேண்டும் என்றார் ஆசிரியை. 'பின்னம்: சிவப்பு' என்பதற்கும், 'பின்னம்: நான்கில் ஒன்று என்பதை நான்கிலிருந்து ஒன்று எனப் புரிந்துகொண்டாள்' என்பதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. முன்னதைப் படிப்பவர் குழந்தைக்குத் தெரியவில்லை என்று எண்ணுவார். பின்னதைப் படிப்பவர் அடுத்து என்ன கற்பிக்கவேண்டும் என்று எண்ணுவார். இறுதியில், அறிக்கையில் ஒரு குறிப்புக் கட்டம் சேர்க்கப்பட்டது. அதனை நிரப்புவதா வேண்டாமா என்பது ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு விருப்பக் கட்டத்தை நிரப்பும் ஆசிரியர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

சிறுமியின் தாய் பள்ளிக்கு வந்தது அவ்வாரத்தில்தான். மகளை அடுத்த ஆண்டு ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றலாமா என்று அவர் ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருந்தார். மும்பைத் தமிழ்வழி வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துவருவதற்குப் பின்னே இத்தகைய எண்ணங்கள் வீடுதோறும் உள்ளன. அவற்றைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. "கணக்கு வரலியாமே டீச்சர். தமிழ்ல படிக்கறதுனாலயா?" என்று அவர் கேட்டார். ஆசிரியை சிவப்பு அறிக்கையை எடுத்துக் காட்டவில்லை, மறைக்கவும் இல்லை. சிறுமியின் குறிப்பேட்டைத் திறந்து, அவள் வரைந்திருந்த இரு கூடைகளைக் காட்டினார். எது போய்விட்டது, எது உள்ளேயே இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொல் என்றார். சிறுமி சொன்னாள். தாய் இரு படங்களையும் நெடுநேரம் பார்த்தார். "அடுத்த வருசம் பாப்போம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, மாலை வேலைக்கு நேரமாகிவிட்டதென்று புறப்பட்டார். அவர் என்ன முடிவெடுப்பார் என்பது கல்வியாண்டு முடியும்போதுதான் தெரியும்.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் ஒன்பது இயல்களைக் கொண்டது. அவற்றுள் வேற்றுமையியல், வேற்றுமை மயங்கியல், விளிமரபு என மூன்று இயல்கள் வேற்றுமைக்கே உரியன. இடைச்சொற்களுக்கென இடையியல் தனியே நிற்கிறது. பெயருக்கும் வினைக்கும் ஓரோர் இயலை வகுத்த இலக்கணம், அவற்றை ஒன்றோடொன்று பிணைப்பவற்றுக்கு இத்தனை இடம் கொடுத்தது. இன்றைய கணிதச் சொற்பட்டியல்கள் பெயர்களாலும் வினைகளாலும் மட்டுமே நிரம்பியிருக்கின்றன. அவை எந்த மொழிக் குழந்தைக்கும் பாதிக் கணிதத்தையே தரவல்லவை. தமிழ்போல் உருபுகளை ஒட்டிப் பொருளுணர்த்தும் மொழியின் குழந்தைக்கு அந்தப் பாதியும் குறையும்.

இங்கே மொழியியல் மாணவர்களுக்குச் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. மும்பையிலும் பெங்களூரிலும் திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் குழந்தைகள் கழித்தலை எந்த உருபால் சொல்கிறார்கள், பங்கிடுவதை எந்த வேற்றுமையில் சொல்கிறார்கள், ஒப்பிடும்போது 'விட' என்பதற்கு வேறென்ன வழங்குகிறார்கள் என்பதைத் தொகுக்கலாம். மூன்றாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் ஒரு பக்கத்தை எடுத்து, அதிலுள்ள ஒவ்வோர் உருபும் சுமக்கும் கணிதப் பொருளைக் குறித்துவரலாம். அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக்குச் சென்று, அப்பக்கத்தைக் குழந்தைகளிடம் உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் தவறான விடைகளை மட்டும் எழுதிக்கொண்டு வரலாம். ஒவ்வொரு தவறான விடைக்கும் பின்னே அக்குழந்தை படித்த வாக்கியம் எது என்று கண்டறிந்தால், அடுத்த செயலியை உருவாக்குபவர்களுக்கு அது பயன்படும். மும்பை ஆசிரியை தம் வகுப்பில் அவ்வாறு ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கியிருக்கிறார். அதன் முதல் பக்கத்தில் இருப்பது 'நான்கில் ஒன்று: மூன்று' என்னும் வரி. அதற்கு எதிரே அவர் சரி என்றும் எழுதவில்லை, தவறு என்றும் எழுதவில்லை. 'ஐந்தாம் வேற்றுமை' என்று எழுதியிருக்கிறார்.